ஓரத்துப் படம்

புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல்தான் அவள் விமானம் ஏறியிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த சதையைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது புற்றா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. சொன்ன பிறகு கத்தியை எடுப்பது அவர் வேலை. எலும்பு டாக்டர். பயணத்துக்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், "எங்க மேடம் ஒரு சிலைடு பாத்து முடிக்கறதுக்குள்ள பேஷண்டுக்குக் கல்யாணம் ஆகி குழந்தையே பொறந்துடும்" என்று அவர் எடுத்துவிட, கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பேச்சை நிறுத்தினாள்.

ஆகவே, மாநாட்டுக்காகத் தங்கியிருந்த வெளிநாட்டு ஹோட்டல் அறையில் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் அடித்து, அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டதும், ஐயா வழிக்கு வந்தாச்சு என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் அவளுக்கு.

"என்ன விஷயம்?" என்றாள், குரலில் கொஞ்சம் விறைப்பு வைத்துக்கொண்டு.

"எட்டாவது படிக்கற பொண்ணு. தொடையில கட்டி. ஜூனியர் சிலைடு பாத்துட்டு எலும்புப் புத்துன்னு எழுதியிருக்கா. இன்னிக்கு மதியம் தியேட்டர். காலை எடுக்கப் போறேன்."

சந்தோஷமாவது மண்ணாவது. அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"நான் பாக்காமயா?"

"அதுக்குத்தானே கூப்பிடறேன்."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். கை காலை எடுப்பதென்றால் அவள் பார்த்தாக வேண்டும். ஊர் முன்னால் ஆயிரம் கேலி பேசுவார் மனுஷன், அந்த ஒன்றில் மட்டும் மீறியதில்லை. அவளும் பார்க்காமல் வாயைத் திறந்ததில்லை. பாதி பார்த்துவிட்டு 'இப்படி இருக்கலாம்' என்று இழுப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

"தள்ளிப் போடுங்க. நான் வந்து பாக்கறேன்."

"முடியாதும்மா. அவங்க அப்பாவை ஒத்துக்க வைக்கறதுக்குள்ள தலையால தண்ணி குடிச்சிட்டேன். இன்னிக்கு இல்லன்னா, பொண்ணத் தூக்கிட்டுப் போயிடுவார். திரும்பி வர மாட்டார். போன வருஷம் அந்தப் பையன் ஞாபகம் இருக்குல்ல?"

எப்படி மறக்கும்? இன்னொரு தடவை சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போன குடும்பம், பையனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிப் படியேறியது. அதற்குள் நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த இடத்துல அடி ஏதாவது பட்டுதா?"

"நானும் கேட்டேன், ஜூனியரும் கேட்டா. அப்பாவும் இல்லங்கறார், பொண்ணும் இல்லங்கறா."

"எக்ஸ்ரே?"

"ரெண்டுங்கெட்டானா இருக்கு. அதப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியல."

அவள் அடியைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பலமாக அடிபட்ட தசை சில சமயம் தனக்குள்ளேயே எலும்பு கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியின் நடுப்பகுதி இருக்கிறதே, அதைப் பார்த்தால் கைதேர்ந்தவர்களுக்கே புற்று என்றுதான் தோன்றும். குட்டு வெளிப்படுவது ஓரத்தில். ஓரத்து எலும்பு ஒழுங்காக முற்றியிருந்தால் அது வெறும் காயம், தானாக ஆறும். ஓரத்திலும் கண்டபடி பரவியிருந்தால் புற்று. கால் இருப்பதும் போவதும் அந்த ஓரத்தில் இருந்தது.

"சிலைடைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நான் இங்கேயிருந்து லைன் போடறேன்."

"மயக்க டாக்டர் வர்ற வரைக்கும்தான் டைம். அவர் வந்து ஊசி போட்டுட்டார்னா அப்புறம் காத்திருக்க முடியாது, ஆரம்பிச்சாகணும். சீக்கிரம்" என்றார். பிறகு, வாய் சும்மா இருக்காமல், "உன் வழக்கமான சீக்கிரம் இல்ல" என்று சேர்த்தார். அவள் ரிசீவரைப் பட்டென்று வைத்தாள்.

லேப்டாப் பெட்டிக்குள் சோப்பு டப்பா மாதிரி ஒரு கறுப்பு அடாப்டர் இருந்தது. அவள் கிளம்பும்போது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்காரர் கையில் திணித்தது. ஹோட்டல் போன்களெல்லாம் இப்போது டிஜிட்டல் லைன், லேப்டாப் வயரை நேராகச் சுவரில் சொருகினால் லேப்டாப்பைப் போனோடு பேசவைக்கிற மோடம் கருகிவிடும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தார். அவர் சும்மா பயமுறுத்தவில்லை. இதற்கு முன் இதே லேப்டாப்பை வெளிநாட்டுக்கு எடுத்துப் போன தலைமை டாக்டர், ஓட்டை இருக்கிறது, வயர் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நேராகச் சொருகிவிட்டு, கருகின மோடத்தோடு திரும்பி வந்தார். கேட்டதற்கு, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்.

அவள் கட்டில் ஓரமிருந்த போனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ரிசீவரின் சுருட்டை வயரைப் போனிலிருந்து பிடுங்கி அடாப்டரில் சொருக வேண்டும். அடாப்டரிலிருந்து ஒரு வயர் போனுக்கு, இன்னொரு வயர் லேப்டாப்புக்கு. சுவர்ப் பக்கமே போகக்கூடாது. இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தால், பேச்சு மூச்சில்லை.

பிறகுதான் அடாப்டரின் பக்கவாட்டில் இருந்த குட்டி சுவிட்ச் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கம்பெனி போனும் ஒவ்வொரு விதம், அதற்குத் தகுந்த மாதிரி சுவிட்சைத் தள்ளிக்கொண்டே போகணும் மேடம் என்று கம்ப்யூட்டர்காரர் சொன்னாரே. தள்ளினாள். காது கிழிகிற மாதிரி ஒரு ஊளை. மறுபடி தள்ளினாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஏதோ முனகல். இன்னும் ஒரு தள்ளு. சுத்தமான டயல் டோன் வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

இந்த அடாப்டரில் லேப்டாப் தானாக நம்பரைச் சுற்றாது. போனில் கையால் நம்பரைப் போட வேண்டும், அந்தப் பக்கம் மெஷின் கீச்சிடத் தொடங்கியதும் லேப்டாப்பில் இணைப்பைத் தட்ட வேண்டும். முந்தித் தட்டினாலும் போச்சு, பிந்தித் தட்டினாலும் போச்சு.

ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு அழைப்பு வருவதற்கென்று இருந்தது ஒரே லைன். அது கம்ப்யூட்டர் அறையிலும் அடிக்கும், எலும்பு டாக்டர் அறையிலும் அடிக்கும். கம்ப்யூட்டர்காரர் எடுத்தார்.

"மேடம், படம் ரெடி. ஜூனியர் டாக்டர் இங்கேயே நிக்கறாங்க. மெஷினுக்கு விடவா?"

"விடுங்க."

கீச்சென்று சத்தம் வந்தது. தட்டினாள். இரண்டு மெஷின்களும் ஒன்றையொன்று பார்த்துச் சண்டைக்காரிகள் மாதிரி கத்திவிட்டு அமைதியாயின. திரையில் கோடு நகரத் தொடங்கியது. அது நகர்ந்த லட்சணத்தைப் பார்த்திருந்தால், தன் பெண்டாட்டியை மெதுவு என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். கீழே மாநாட்டு மண்டபத்தில் முதல் பேச்சு ஆரம்பித்திருக்கும். அவளுடைய பேச்சும் அந்தக் காலையில்தான். அதை யார் நினைத்தார்கள்?

படம் வந்து விழுந்தது. திறந்தாள். திரை முழுக்கப் பெரிசு பெரிசாக, கோணல் மாணலாக, கறுத்துத் தடித்த செல்கள். ஒரு கணம் அவளுக்கே புற்று என்றுதான் பட்டது. அடுத்த கணம் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

லைனைத் துண்டித்து மறுபடி போட்டாள். "ஜூனியர்கிட்ட குடுங்க."

"மேடம்..."

"என்னம்மா அனுப்பியிருக்க?"

"இருக்கறதுலயே மோசமா தெரிஞ்ச இடம் மேடம். நல்லாப் பெரிசு பண்ணி எடுத்தேன்."

"அதான பாத்தேன்! எல்லாப் பிள்ளைங்களும் இதையேதான் பண்ணுதுங்க. பயமா இருக்கற இடத்தை உத்துப் பாத்துட்டு, பயந்து போய் எழுதறது. ஓரம் எங்க? அந்தக் கட்டி முடியற இடம் எங்க?"

அந்தப் பெண் எச்சில் விழுங்கியது கடல் தாண்டிக் கேட்டது. "ஓரத்தை... நான் சரியா பாக்கல மேடம்."

திட்டி என்ன பிரயோஜனம்? திட்டுவதற்கு நேரமும் இல்லை. "சின்ன லென்ஸைப் போடு. ஓரத்தை மேல வச்சு, உள்பக்கம் கீழ வர்ற மாதிரி ஒரு படம். மொத்தமும் தெரியணும். ஓடு."

திரும்பக் காத்திருந்தாள். திரும்பக் கீச்சு, திரும்பத் தட்டல், திரும்ப அந்தக் கோடு. கோடு பாதிக்குப் பக்கமாக வந்தபோது ரிசீவரில் 'டொக்' என்று ஏதோ கேட்டது. அவ்வளவுதான். கோடு நின்றது. இணைப்பு அறுந்தது என்று திரை சாவகாசமாக அறிவித்தது.

ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"ஹலோ? ஹலோ? முடிஞ்சுதா இல்லையா?" என்றது புருஷன் குரல்.

"நீங்க... நீங்க போனை எடுத்தீங்களா?"

"என் ரூம்ல என் போனை எடுக்கக்கூடாதா? எவ்வளவு நேரமா..."

"ஒரே லைன்ங்க! நீங்க அங்க எடுத்தா இங்க அறுந்துடும்! படம் பாதியில போச்சு! புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவரை இப்படிக் கேட்டதில்லை. மெதுவாக, "மயக்க டாக்டர் வந்துட்டார். கை கழுவப் போயிருக்கார்" என்றார்.

"அவரப் பிடிச்சு வைங்க. பேசிட்டு இருங்க. உங்களுக்குத்தான் பேச வரும்ல! இன்னொரு தடவை அந்தப் போனைத் தொட்டீங்கன்னா நான் ஊருக்கே வரல."

மறுபடி போட்டாள். நம்பர் தவறிப் போய் யாரோ மதியத் தூக்கம் கலைந்த எரிச்சலில் திட்டினார்கள். மறுபடி. எங்கேஜ்டு. மறுபடி. முகம் தெரியாத ஒரு பெண் அங்கே ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் ஒரு சோப்பு டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் போட்டாள். கிடைத்தது.

கோடு நகர்ந்தது. கால் பங்கு. அதற்கும் மேலே. லைனில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. போதும், அறுந்துடாதே, அறுந்துடாதே என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினாள். பாதியைத் தாண்டின இடத்தில் அறுந்தது. இந்தத் தடவை யாரையும் குற்றம் சொல்ல முடியாது. லைனே செத்துப்போனது.

வந்த வரைக்கும் இருந்ததைத் திறந்தாள். மேல்பாதி தெரிந்தது. கீழே வெறும் சாம்பல் நிறம்.

ஓரத்தை மேலே வைக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஓரம் நெடுக இளஞ்சிவப்பாக எலும்புக் கீற்றுகள். அவற்றின் விளிம்பில் செல்கள் மணி கோத்த மாதிரி வரிசையாக, அடக்கமாக உட்கார்ந்திருந்தன. உள்ளே போகப் போகத்தான் ஒழுங்கு குலைந்தது. பக்கத்துத் தசைக்குள் எதுவும் நுழைந்த மாதிரி தெரியவில்லை. இது காயம். இது புற்று இல்லை.

தெரிந்த வரையில். ஒரு பக்கத்து ஓரம், அதிலும் பாதிப் படம். மிச்சத்தில் என்ன இருக்கிறதோ. நிறுத்துங்கள் என்று இப்போது சொல்லி, அது புற்றாக இருந்துவிட்டால் போன வருஷத்துப் பையனோடு இந்தப் பெண்ணும் சேர்ந்துவிடுவாள். சொல்லாமல் விட்டால், ஆறப்போகிற காயத்துக்காக ஒரு கால் போய்விடும். மிச்சப் படத்துக்குக் காத்திருக்க நேரம் எங்கே இருக்கிறது?

லைன் உயிர்பெறும் வரை நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். கம்ப்யூட்டர்காரர் எடுத்ததும், "எலும்பு டாக்டரைக் கூப்பிடுங்க! தியேட்டருக்குள்ள இருந்தாலும் இழுத்துட்டு வாங்க!" என்று கத்தினாள். அவர் போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. காத்திருந்த நேரத்தில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வரவில்லை.

"சொல்லு." மூச்சு வாங்கிற்று அவருக்கு. அவர் அறைப் போனில் பேசினார்.

"ஊசி போட்டாச்சா?"

"கையில மருந்தோட நிக்கறார். சொல்லு."

"நிறுத்துங்க. புத்து இல்ல. அடிபட்ட காயம்."

"முழுசா பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை. "பாதிதான். பாதிப் படந்தான் வந்தது."

"பாதியா?" என்றார். கேலி பேசுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் பேசவில்லை. "நீ பாதி பாத்துட்டு வாயத் திறக்கற ஆள் இல்லையே" என்றார் கடைசியில்.

"இன்னிக்குத் திறக்கறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. கத்தியக் கீழ வைங்க."

"வச்சிட்டேன்" என்றார். உடனே, இழுக்காமல். வாசலைப் பார்த்து யாரிடமோ, "இன்னிக்கு இல்ல, மருந்தத் திருப்பி வைக்கச் சொல்லு" என்று சொல்வதும் கேட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "அப்பாவுக்கு என்ன சொல்றது? அடியே படலங்கறாங்களே ரெண்டு பேரும்."

"பட்டிருக்கு. பலமா. அது மட்டும் தெரிஞ்சுட்டா எனக்கு மிச்சப் படமே வேண்டாம். பொண்ணு எங்க?"

"என் ரூம் வாசல்ல ஸ்ட்ரெச்சர்லதான் இருக்கா."

"உள்ள கொண்டு வாங்க. போனை அவகிட்ட குடுங்க. அவங்க அப்பா வெளிய இருக்கட்டும்."

சக்கரம் உருளும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பிறகு உலர்ந்த தொண்டையில் ஒரு "ஹலோ".

"நான் வெளிநாட்டுல இருக்கற டாக்டர்மா. உன் காலுக்குள்ள இருக்கறத இப்ப படத்துல பாத்துட்டு இருக்கேன்."

"எப்படி இருக்கு?" என்று கேட்டது பெண், மார்க் எவ்வளவு என்று கேட்கிற குரலில்.

"நல்லா இருக்குன்னு நெனைக்கறேன். நீ ஒரே ஒரு விஷயம் சொன்னா நிச்சயமா சொல்லிடுவேன். அந்த இடத்துல எப்பவாவது அடி பட்டுதா?"

"இல்ல." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"விளையாடும்போது? எங்கயாவது விழுந்தியா?"

"இல்ல."

"யாராவது அடிச்சாங்களாம்மா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் பயந்தாள்.

"சொன்னா என்ன ஆகும்?"

"காலை எடுக்க வேண்டாம்னு சொல்லிடுவேன். எடுக்கவே வேண்டாம்."

"அது இல்ல. அடிச்சவங்கள என்ன பண்ணுவீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்றும் பண்ண மாட்டோம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். அது உண்மையில்லை. "தெரியலம்மா" என்றாள். "விசாரிப்பாங்க. யாராவது வந்து கேப்பாங்க."

"போலீஸா?"

"வரலாம்."

பெண் யோசித்தாள். மூச்சு சீராக வந்து போயிற்று. பேசினபோது குரல் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கடைக்குப் போய் இது வேண்டாம், அதைக் கொடுங்கள் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"அம்மா இல்ல எங்களுக்கு. தம்பி ரொம்பச் சின்னவன். அப்பாவப் புடிச்சிட்டுப் போவாங்கன்னா வேணாம் டாக்டர். காலையே எடுத்துக்கோங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அழுகை வெளியே வந்துவிட்டது.

போன் கை மாறியது. "என்ன சொன்னா? ஏன் அழற?" என்றார் புருஷன். அவள் சொன்னாள். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு, ஆனால் இந்த மாதிரி இருந்ததில்லை.

"காலைத் தொடாதீங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வீட்டுக்கும் அனுப்பாதீங்க. வார்டுலயே இருக்கட்டும். நான் வர்றேன்."

"வெளியே அவங்க அப்பா கதவத் தட்டறார். ஏன் லேட்டுன்னு கேக்கறார்."

"பொண்ணு என்ன சொன்னாளோ, அதை ஒரு வார்த்தை விடாம அவர்கிட்ட சொல்லுங்க. நீங்க பொண்ணு பக்கத்துலயே நில்லுங்க."

அவர் ரிசீவரை மேஜையில் வைத்தார். அவள் வைக்கவில்லை. கதவு திறந்தது. அவர் பேசுவது தாழ்ந்த முணுமுணுப்பாகக் கேட்டது, வார்த்தை பிரியவில்லை. முணுமுணுப்பு நின்றது. ஒரு ஆம்பிளை தரையில் உட்கார்ந்த மாதிரி சத்தம், அதற்குப் பின்னால் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே, பதறிப்போய், அந்தப் பெண்ணின் குரல்:

"அப்பா, நான் ஒண்ணும் சொல்லலப்பா. சத்தியமா நான் சொல்லலப்பா."